எட்டு ஞாயிறு, ஒரு கணவாய்: ஹாங்காங்கில் நான் போன கான்டனீஸ் சொலவடை வகுப்பு

ஹாங்காங்கில் என் முதல் வேலையை விட்டு வெளியே வந்த வாரம், ஆவணப் பிரிவில் எனக்கு எதிர் மேசையில் இருந்த அக்கா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அடுத்த மூன்று நாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தனக்குத் தெரிந்த இடங்களுக்கெல்லாம் போன் போட்டு எனக்கு வேலை கேட்டார். எனக்கோ ஏற்கெனவே வேறு இடத்தில் வேலை கிடைத்திருந்தது, அதனால்தான் ராஜினாமாவே கொடுத்தேன். அவரிடம் அதைத்தான் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஊரில் பேசும் சீன மொழியான கான்டனீஸில் நான் சொன்ன வாக்கியம் இது: "ஙோ பெய் லோ-பான் ட்சாவ் யௌ-யூ."

'ஙோ' என்றால் நான். (சின்ன வயதில் ங, ஙா, ஙி, ஙீ என்று சிலேட்டில் எழுதி, பிறகு ஒரு சொல்லிலும் பார்க்காமல் போன வரிசைக்கு இந்த ஊரில் தினமும் வேலை இருக்கிறது. கான்டனீஸ் படிக்கும் தமிழருக்கு இது ஒரு வரம். மற்ற நாட்டுக்காரர்கள் அந்த ஒலிக்குத் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.) 'லோ-பான்' முதலாளி. 'ட்சாவ்' என்றால் சூடான சட்டியில் எண்ணெய் விட்டுக் கிளறி வறுப்பது. 'யௌ-யூ' என்றால் கணவாய் மீன். கணவாய் வறுப்பது என்றால் வேலையை விட்டுத் தூக்குவது. நம் ஊரில் சீட்டைக் கிழிப்பது என்கிறோமே, அதுதான்.

அதே சொலவடையை வைத்து 'முதலாளியின் கணவாயை நான் வறுத்துவிட்டேன்' என்று, அதாவது 'நானே இந்த வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்' என்றும் சொல்லலாம் என்பது அரைகுறையாக எனக்குத் தெரியும். 'பெய்' என்றால் கொடு, '-க்கு' என்று பொருள் வரும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து 'முதலாளிக்குக் கணவாய் வறுத்துவிட்டேன்' என்று மனசுக்குள் தமிழில் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன். ஆனால் அந்த இடத்தில் வரும் 'பெய்'க்குப் பொருள் '-க்கு' இல்லை, '-ஆல்'. அக்கா காதில் விழுந்தது: முதலாளி என்னை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்.

இதில் எனக்கு இன்றுவரை உறுத்துவது அக்காவின் மூன்று மதியச் சாப்பாடு மட்டுமில்லை. அந்த மேலாளர் எனக்கு நல்ல பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பியவர். ஒரு வாரம் அலுவலகம் முழுக்க அவரை ஈரமில்லாத மனிதர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் நேரில் போய் அவரிடமும் அக்காவிடமும் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அடுத்தவர் மொழியின் சொலவடையை இரவல் வாங்குகிறவர் அது எப்படிப் பிடிக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அப்படித் தேடிப் போன வகுப்பைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

ஆசிரியை தனி ஆளாக நடத்துகிறார். விளம்பரம் கிடையாது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நாங்கள் எல்லோரும் அவரை 'லோ-ஸி' என்றுதான் கூப்பிடுவோம், டீச்சர் என்று அர்த்தம். பிரின்ஸ் எட்வர்ட் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடி. கீழே தங்கமீன் தெரு. பிளாஸ்டிக் பைகளில் தண்ணீர் ஊற்றி, ஒரு பைக்கு ஒரு மீன் என்று வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் 3 மணிக்கு ஆரம்பித்து நாலரைக்கு முடியும் வகுப்பு, எட்டு வாரம், ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கட்டணம் 2,400 ஹாங்காங் டாலர். எங்கள் தொகுதியில் என்னோடு இரண்டு பிலிப்பைன்ஸ் பெண்கள், ஹாங்காங்கின் ஜோர்டன் பகுதியில் காவலாளியாக இருக்கும் ஒரு நேபாளத் தம்பி, கல்யாணமாகி இங்கே வந்த ஒரு கொரியப் பெண், ஐந்தே பேர். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறுதான் விடுப்பு என்பதால்தான் அந்த நாளை வைத்திருப்பதாக லோ-ஸி சொன்னார். அது எனக்குப் பிடித்தது.

ஆரம்பப் பாடம் இங்கே கிடையாது. காய்கறி வாங்கவும் வழி கேட்கவும் மினிபஸ்ஸை நிறுத்தச் சொல்லவும் தெரிந்தவர்களுக்கான வகுப்பு. ஒரு நாளைக்கு மூன்று சொலவடைகள்தான். எட்டு வாரத்துக்கு மொத்தம் 24. "இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு இருபத்து நான்குதானா?" என்று முதல் நாள் எனக்குத் தோன்றியது. மூன்றாம் ஞாயிறுக்குப் பிறகு தோன்றவில்லை.

மூன்றாம் ஞாயிறுதான் கணவாய்.

அன்றைக்கு லோ-ஸி பலகையில் ஒன்றும் எழுதவில்லை. எங்களைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டார். ஐந்து பேர் நின்றால் மூச்சு முட்டுகிற சமையல்கட்டு. நான் தூத்துக்குடிக்காரி. ஓட்டுக் கணவாயையும் ஊசிக் கணவாயையும் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும். அவர் வைத்திருந்தது ஊசிக் கணவாய். குழலைக் கீறி விரித்து, உள்பக்கத்தில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக லேசாகக் கோடு போட்டு, சதுரத் துண்டுகளாக நறுக்கி வைத்திருந்தார். இரும்புச் சட்டி புகைகிற அளவுக்குச் சூடானதும் அள்ளிப் போட்டார். சில நொடிதான். தட்டையாகக் கிடந்த ஒவ்வொரு துண்டும் விளிம்பிலிருந்து மடங்கி, தானாகவே சுருண்டு, ஒரு சின்ன உருளையாகிவிட்டது.

"இது எதைப் போல இருக்கிறது?" என்று கேட்டார்.

அந்தக் காலத்துக் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலைக்கு வந்தவர்கள் முதலாளி இடத்திலேயே தங்கினார்கள். சாப்பாடும் கூரையும் முதலாளி தருவார். பாய், போர்வை மட்டும் வேலையாள் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். வேலை போனால் முதல் காரியம் படுக்கையைச் சுருட்டுவது. சுருண்ட அந்தப் படுக்கையைத்தான் சட்டியில் சுருண்ட கணவாயில் பார்த்திருக்கிறார்கள். முகத்துக்கு நேராக 'உன்னை நீக்கிவிட்டார்கள்' என்று சொல்ல மனம் வராமல், 'கணவாய் வறுத்தாச்சு' என்று பக்கத்தில் இருந்து எடுத்த ஒரு சொல்.

எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. நாமும் 'பாய் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு' என்கிறோம். கான்டனீஸில் 'ஜப் பாவ்-ஃபுக்' என்று இன்னொன்றும் இருக்கிறது. துணி மூட்டையை எடுத்துக் கட்டுவது என்று பொருள். மூட்டை முடிச்சைக் கட்டு என்கிற நம் பேச்சேதான். பிழைக்க வெளியூர் போன ஜனங்கள் இருக்கிற மொழிகளில் இந்தச் சுருட்டலும் கட்டலும் இருக்கும்போல. நேபாளத் தம்பி வெகுநேரம் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இதுவரை சொன்னது அகராதியிலும் கிடைக்கும். நான் பணம் கொடுத்தது இதற்குப் பிறகு வந்ததற்குத்தான்.

லோ-ஸி ஒவ்வொரு சொலவடைக்கும் மூன்று கேள்வி கேட்பார். இதை யார் யாரிடம் சொல்லலாம்? முகத்துக்கு நேராகவா, ஆள் இல்லாதபோதா? நடுவில் என்ன நுழையும்?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், நான் தடுக்கி விழுந்தது அங்கேதான். இந்தச் சொலவடை ஒட்டிக்கொண்டே இருக்காது, நடுவில் பிளந்துகொள்ளும். 'ட்சாவ்' ஒரு பக்கம், 'யௌ-யூ' மறுபக்கம். யாரை நீக்குகிறோமோ அவர் நடுவில். அவனை நீக்கிவிட்டார்கள் என்றால் 'ட்சாவ்' போட்டு, 'கொய்' (அவன், அவள், எல்லாவற்றுக்கும் அதே சொல்) போட்டு, பிறகு 'யௌ-யூ'. வேலை முடிந்துவிட்டது என்று காட்ட 'ட்சாவ்'வுக்கு உடனே பின்னால் 'ஜோ' வரும். நம் '-விட்டேன்', '-விட்டார்' செய்கிற வேலையை அந்த ஒரு அசை செய்கிறது. ஆக நான் சொல்லியிருக்க வேண்டியது: "ஙோ ட்சாவ்-ஜோ லோ-பான் யௌ-யூ." முதலாளி நடுவில் போய் உட்கார்ந்தால் அவர் கணவாய் வறுபடுகிறது. 'பெய்' போட்டு அவரை முன்னால் கொண்டுவந்தால் என் கணவாய் வறுபடுகிறது. ஒரு சொல்லின் இடம் மாறினால் வேலை போனவர் மாறிவிடுகிறார்.

இப்படிப் பிளக்கிற சொலவடைகள் நிறைய. 'ட்சாட் ஹாய்' என்றால் ஷூ துடைப்பது, காக்கா பிடிப்பது என்று பொருள். யாரைக் காக்கா பிடிக்கிறோமோ அவரை நடுவில் வைக்க வேண்டும். 'முதலாளி ஷூவைத் துடைக்கிறான்' என்று வந்துவிடும். ஒன்றைப் புரிந்துகொண்டால் பத்து பிடிபடுகிறது.

அடுத்து ஒலி. கான்டனீஸில் ஆறு தொனிகள்; குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். ஹாங்காங் மொழியியல் கழகம் 1993இல் கொண்டுவந்த, கான்டனீஸ் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் 'யூட்-பிங்' முறையில் 1 முதல் 6 வரை எண் போட்டு எழுதுவார்கள். மீனுக்கு 'யூ' என்பது அடிப்படையில் தாழ்ந்து இறங்கும் நான்காம் தொனி. தெருவில் விற்கிற மீன் உருண்டையில், 'யூ-தான்', அப்படித்தான் தாழ்வாக வரும். ஆனால் சொல்லின் கடைசியில் வரும்போது பல இடங்களில் அது இரண்டாம் தொனிக்கு ஏறிவிடுகிறது. லோ-ஸி ஜன்னலைத் திறந்து கீழே தெருவைக் காட்டினார். "அது என்ன மீன்?" "கம்-யூ." தங்கமீன். கடைசியில் குரல் ஏறுகிறது. கணவாயிலும் அதே ஏற்றம். தொனிப் பாடத்துக்காகவே அந்தத் தெருவில் வீடு பார்த்தாரோ என்றுகூட நினைத்தேன். அன்றிலிருந்து தங்கமீன் தெருவைத் தாண்டும்போதெல்லாம் என் வாய் தானாக முணுமுணுக்கும்.

'ட்சாவ்'விலும் கவனம் வேண்டும். அதுவும் இரண்டாம் தொனி, கீழிருந்து மேலே ஏற வேண்டும். ஏறாமல் மேலேயே தட்டையாக நின்றால் முதல் தொனி, 'பார்த்து எழுதுவது' என்று ஆகிவிடும். அந்தச் சொல்லின் வாழ்க்கையே தனி. ட்சாவ்-ஃபான் என்றால் வறுத்த சோறு, நம் ஊர் ஃப்ரைடு ரைஸ். ஆனால் பங்குச் சந்தையில் விட்டு எடுப்பதும் ட்சாவ், வீட்டை வாங்கிச் சூட்டோடு சூடாக விற்பதும் ட்சாவ், வண்டியை மோதுவதும் ட்சாவ். அலுவலகத்தில் கணவாயைச் சொல்லாமல் 'ட்சாவ்' மட்டும் சொன்னாலும் ஆளை நீக்குவது என்று எல்லோருக்கும் புரியும். இந்த ஊரில் வாழ்க்கையின் பாதி அந்தச் சட்டிக்குள்தான் நடக்கிறது என்பார் லோ-ஸி.

சரி, இலக்கணம் திருத்தியாகிவிட்டது, தொனி வந்துவிட்டது. "இப்போது நான் அன்று சொன்னதைச் சரியாகச் சொல்லிவிடுவேன்," என்றேன். லோ-ஸி தலையை ஆட்டினார். "இப்போதும் சரியில்லை."

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 'முதலாளி கணவாயை நான் வறுத்துவிட்டேன்' என்பது நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற பேச்சு. ஒரு முதலாளியோடு சரிப்படாமல், 'நீ என்னடா என்னை அனுப்புவது, நான் உன்னை அனுப்புகிறேன்' என்று கிளம்பியவர் நண்பர்களோடு பீர் குடிக்கும்போது சொல்வது. கோபம் இன்னும் கூடினால் 'பெக் பாவ்' என்று சொல்லலாம். துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போவது என்று அதற்குள் ஒரு படம் இருக்கிறது. நல்ல முறையில் கடிதம் கொடுத்து, கை குலுக்கி, பரிந்துரைக் கடிதமும் வாங்கிக்கொண்டு வந்தவள் அதே மேலாளரின் ஆட்கள் நடுவில் உட்கார்ந்து அதைச் சொல்லக் கூடாது. அதற்கு 'ட்சி-ஜிக்' என்று ஒரு சாதாரணச் சொல் இருக்கிறது. ராஜினாமா. படமும் இல்லை, கணவாயும் இல்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

எந்தப் புத்தகத்திலும் எனக்கு இது கிடைக்கவில்லை. சொலவடை தெரிந்துவிட்டால் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று ஒரு கை அரிப்பு வரும். தமிழைக் கற்றுக்கொண்டு வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் துக்க வீட்டில் பழமொழி சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? பழமொழியில் தவறே இருக்காது. இடம்தான் தவறு.

வேலை போவதைச் சொல்ல அவர் கொடுத்த மற்றச் சொற்களையும் இந்தத் தராசில்தான் நிறுத்தினோம். 'தாய் ஸொன்-ஃபுங்', பெரிய உறை வந்தது. நீக்கல் கடிதமும் கணக்குத் தீர்த்த தாள்களும் உள்ளே இருக்கும் உறை. செய்தித்தாள்களில்கூட இது வரும். 'மோ-ட்சிங் கை', இரக்கமில்லாத கோழி. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் முதலாளி வேலையாட்களுக்குப் போடும் ஆண்டு திறப்பு விருந்தில், அவர் தன் கையால் யார் கிண்ணத்தில் கோழித் துண்டை வைக்கிறாரோ அவருக்கு அந்த வருடம் வேலை இல்லை. வாயால் சொல்லவே மாட்டார். அந்தத் துண்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டு அவர் எழுந்து போக வேண்டும். எனக்கு இதைக் கேட்டபோது தொண்டை அடைத்தது. விருந்தில் வைத்த கோழியைத் தின்னவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். வழக்கம் பழையது, ஆனால் சொல் இன்னும் இருக்கிறது.

கடைசியாக 'ட்சோய்-யுன்', ஆட்குறைப்பு. கம்பெனிக்கு நஷ்டம், பிரிவையே மூடுகிறார்கள், அதில் நம்மவர் வேலையும் போகிறது. பேச்சுவழக்கில் அதையும் கணவாய் என்று சொல்கிறார்கள்தான். ஆனால் வேலை போனவர் எதிரில் இருக்கும்போது நீங்கள் 'ட்சோய்-யுன்' என்றே சொல்லுங்கள் என்றார் லோ-ஸி. கணவாய் என்றால் ஆளிடம் ஏதோ குறை என்று ஒரு வாசனை அடிக்கும். ஆட்குறைப்பு என்றால் குறை கம்பெனியிடம். தன்னைப் பற்றி அவரே கணவாய் என்று சொல்லிக்கொள்ளலாம். அது அவருடைய உரிமை, நம்முடையது இல்லை.

மற்ற 23இல் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 'ஸெய் கை ட்சாங் ஃபான்-கோய்', செத்த கோழி சோற்றுப் பானையின் மூடியை முட்டுகிறது. செத்துப்போன பிறகும் கால் விறைத்து மூடியைத் தள்ளுகிற கோழி. தோற்றது தெரிந்தும் விடாமல் சாதிக்கிறவரைச் சொல்வது. நமக்கு விளக்கமே வேண்டாம்: தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். பெரியவர்களிடம் சொல்லக் கூடாது, நண்பனிடம் சொல்லலாம், மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்லலாம்.

'தோ-ஸே லோ ஹாய்', நண்டுக் கூடை கவிழ்ந்தது. கைக்கு மேல் வேலை, எதைப் பிடிப்பது எதை விடுவது என்று தெரியாத தவிப்பு. நான் உடனே நெல்லிக்காய் மூட்டை என்றேன். பக்கத்தில் வருகிறது, ஆனால் அதே இல்லை. நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்தால் சிதறும், அவ்வளவுதான். நண்டு தானே நடக்கும், கடிக்கும், ஒன்றைப் பிடிக்கும்போது இன்னொன்று கட்டிலுக்கு அடியில் போகும். கப்பல் தாமதமான வெள்ளிக்கிழமை மாலை எங்கள் அலுவலகத்தில் இருப்பது நண்டுக் கூடைதான், நெல்லிக்காய் இல்லை. இதில் 'ஹாய்' ஐந்தாம் தொனி. நான்காம் தொனியில் சொன்னால் செருப்பு. எங்களில் மூன்று பேர் அன்று செருப்புக் கூடையைக் கவிழ்த்தோம்.

தமிழ் கைகொடுக்காமல் காலை வாரிவிட்ட இடமும் உண்டு. 'ஸொய் க்வோ ஆப் புய்', வாத்தின் முதுகில் ஓடிய தண்ணீர். கேட்டவுடன் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று குறிப்பு எழுதிக்கொண்டேன். தவறு. நம் எருமை எதையும் சட்டை செய்யாதவர். அவர்கள் வாத்தோ படித்தது ஒன்றும் நிற்காத மாணவர். பாடம் வழிந்து ஓடிவிட்டது. திட்டினாலும் உறைக்காதவரை இந்தச் சொலவடையால் சொன்னால் கேட்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். படம் ஒத்துப்போகிறது என்பதற்காகப் பொருளும் ஒத்துப்போகும் என்று நம்பக் கூடாது என்பதை அந்த வாத்திடம்தான் கற்றேன்.

இனி குறைகள். மூன்று மாடி ஏறுவது மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஆகாது. கோடையில் சமையல்கட்டுப் பாடம் வேர்த்துக் கொட்டும். ஏசி முன்னறையில் மட்டும்தான். கையேடு என்று ஒன்றும் தருவதில்லை. கெட்டி அட்டையில் சொலவடையைச் சீன எழுத்தில் எழுதி, யூட்-பிங் எண்களோடு ஒரு அட்டை தருவார், மற்றதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். குரலைப் பதிவு செய்ய அனுமதி இல்லை. எனக்கு அது பெரிய இழப்பாக இருந்தது. தொனியை வீட்டில் திரும்பக் கேட்க வழியில்லாமல், ஒவ்வொரு ஞாயிறும் முதல் பத்து நிமிடம் போன வாரத்தைத் திருத்துவதிலேயே போனது. ஒன்று இரண்டு சொலவடையாவது தன் குரலில் பதிந்து கொடுக்கலாம் என்று அவரிடமே சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார். எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இது சரிவராது, வாய்ப்பேச்சுதான் முழுக்க.

வீட்டில் எனக்குத் துணையாக இருந்தது 'வேர்ட்ஸ் டாட் ஹெச்கே' என்ற இணைய அகராதி. தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுவது, இலவசம், கான்டனீஸைக் கான்டனீஸிலேயே விளக்கி எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தருகிறது. வகுப்புக்கு முன்பே ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுப் போனால் லோ-ஸியின் மூன்று கேள்விக்குப் பாதிப் பதில் கையில் இருக்கும். வகுப்பு இல்லாமல் அகராதி மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. அதுதான் என் அனுபவம்.

எட்டாவது ஞாயிறு வகுப்பு வீட்டில் இல்லை. ஷாம் ஷுய் போவில் தெருவோரம் மடக்கு மேசை போடுகிற பழைய தாய்-பாய்-தொங் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனார். ஒவ்வொருவரும் ஒரு பதார்த்தம் கேட்டு வாங்க வேண்டும், இருபத்து நான்கில் ஒன்றை இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் உப்பும் மிளகாயும் போட்டுப் பொரித்த கணவாய் கேட்டேன், 'ஜியு-யிம் ஸின்-யௌ'. உணவுப் பட்டியல்களில் இது 'புதுக் கணவாய்' என்று பொருள்படும் 'ஸின்-யௌ' என்றுதான் இருக்கும். வருடக் கடைசி அலுவலக விருந்துகளில் சிலர் கணவாய்ப் பதார்த்தமே வேண்டாம் என்பார்கள் என்று லோ-ஸி அப்போதுதான் சொன்னார். தட்டு வந்தது. மேலே வறுத்த பூண்டு, சிவப்பு மிளகாய், நெருப்பு நாக்கு தொட்ட அந்த மணம். எங்கள் வீட்டுக் கணவாய்த் தொக்குக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை. பிலிப்பைன்ஸ் பெண்களில் மூத்தவர், தட்டைக் கொண்டுவந்தவர் இரண்டு மேசைக்கு நடுவில் தடுமாறுவதைப் பார்த்து, மெதுவாக, ஐந்தாம் தொனி பிசகாமல், நண்டுக் கூடையைச் சொன்னார். அந்த ஆள் நின்று திரும்பி, "ஆமாம், அதேதான்!" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இந்த ஊரில் பதினோரு வருடம் இருந்தும், தன்னிடம் வேலை சொல்கிறவர்கள் மட்டும்தான் பேசுவார்கள் என்று முதல் நாள் சொன்னவர் அவர்.

நான் அன்று கணவாயைச் சொல்லவில்லை. சொல்ல இடம் வரவில்லை.

வகுப்பு முடிந்து நான்கு மாதம் கழித்து அந்த எதிர்மேசை அக்கா போன் செய்தார். பழைய அலுவலகத்தில் ஆவணப் பிரிவை மூடிவிட்டு வேலையை வேறு ஊருக்கு மாற்றுகிறார்களாம். "ஙோ பெய் யன் ட்சாவ் யௌ-யூ லா," என்றார். என் கணவாயை வறுத்துவிட்டார்கள். அவருக்கு ஐம்பத்தாறு வயது. 'பெய்' சரியான இடத்தில் இருந்தது.

நான் கணவாயைத் தொடவில்லை. "கம்பெனி ட்சோய்-யுன் செய்கிறதா, அக்கா? எத்தனை பேருக்கு?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, ஒன்பது பேருக்கு என்றார், குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. இந்த மாதக் கடைசி வரை சம்பளம் உண்டு என்றார். அவருடைய வேலை விவரங்களை எனக்கு அனுப்பச் சொன்னேன். அன்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நான்கு இடங்களுக்குப் போன் போட்டேன்.